நீலக் கோப்பில் இருந்த படிவம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு அனுப்பும் பெயர்ப் பட்டியலைப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் வகுப்பாசிரியர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். விதி இதுதான். சுற்றறிக்கையில் ‘வரி வரியாக’ என்ற இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டிவைத்தவன் நான். 1985 நவம்பரில், திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த மேல்நிலைப் பள்ளியில், அந்த விதியை மீறியவனும் நான்தான். சோம்பலால் மீறவில்லை. அதைவிட நல்ல முறை ஒன்று என்னிடம் இருப்பதாக நினைத்து மீறினேன்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. குடியிருந்தது விழுப்புரத்தில். காலை பாசஞ்சரில் திண்டிவனம் போய் மாலை பாசஞ்சரில் திரும்புவேன். வழக்கமாக வரும் ஆட்கள் மடிகளுக்குக் குறுக்கே துண்டை விரித்துச் சீட்டாடிக்கொண்டு வருவார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன். விக்கிரவாண்டிக்குள் ஆறு தாள், மயிலத்துக்குள் பத்து. வண்டி தாமதமானால் அன்றைக்குப் பன்னிரண்டு. ஒழுங்கு என்பது பிறவிக் குணம் என்றும், அது மற்றவர்களுக்கு வாய்க்கவில்லை என்றும் அந்த நாட்களில் நம்பினேன்.

மாணவர்களை வருகைப் பதிவேட்டு எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நெருக்கம் வரும், நெருக்கம் வந்தால் மதிப்பெண் போடும் கை தடுமாறும் என்பது என் கொள்கை. அவர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் ‘பீரோ’. எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. பீரோ நல்ல பொருள். வைத்ததை வைத்த இடத்தில் வைத்திருக்கும்.

கடவுள் விஷயத்தில் எனக்குப் பகையும் இல்லை, பழக்கமும் இல்லை. என் மனைவி பௌர்ணமிதோறும் திருவக்கரை அம்மன் கோயிலுக்குப் போவாள். நான் விழுப்புரம் பஸ் நிலையம் வரை போய் ஏற்றிவிட்டு வருவேன். நான் நம்பியது கார்பன் தாளை. எழுதியதற்கு நகல் இருந்தால் உலகம் ஒழுங்காக நடக்கும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நவம்பரில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுப்போம். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, பெற்றோர் கையெழுத்து. நிரப்பி வரும் படிவங்களை வைத்துக்கொண்டு வகுப்பாசிரியர் பெயர்ப் பட்டியல் தயாரிக்க வேண்டும். என் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். நான் மூன்று கோப்புகள் வைத்திருந்தேன். சரியாக வந்த படிவத்துக்குப் பச்சை. வராதவர்களின் பெயர்க் குறிப்புக்குச் சிவப்பு. வந்தும் குறை உள்ளவற்றுக்கு நீலம். நீலக் கோப்பு என் சொந்தக் கண்டுபிடிப்பு. அதன் மேல் ‘விளக்கம் தேவை’ என்று அழகாக எழுதி ஒட்டியிருந்தேன். துறைக்கு இரண்டே நிலைதான் தெரியும், வந்தது, வராதது. நான் துறையை விட ஒரு படி மேலே போயிருந்தேன்.

முப்பத்தொன்பதாம் எண் மாணவி மூன்று நாள் படிவம் தரவில்லை. வல்லம் சாலையில் உள்ளே தள்ளி இருந்த ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். அப்பா, அம்மா இருவரும் கூலி வேலை. வகுப்பில் முதலாவதும் இல்லை, கடைசியும் இல்லை. அதனால் அதுவரை நான் அதிகம் கவனித்ததில்லை. நான்காம் நாள் கேட்டபோது படிவத்தை நீட்டினாள். மதம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

“ஏன் எழுதல?”

“வீட்ல கேட்டுக்கினு வந்து எழுதறேன் சார்.”

“உன் மதம் உனக்குத் தெரியாதா? அதுக்கும் வீட்ல கேக்கணுமா?”

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. ஆனால் சிரிப்பை நிறுத்தவும் இல்லை. அவள் குனிந்துகொண்டாள். படிவத்தை வாங்கி நீலக் கோப்பில் வைத்தேன். திங்கட்கிழமை விசாரித்துத் தீர்க்க வேண்டும் என்று டைரியில் குறித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை நீலக் கோப்பை விழுப்புரத்துக்கு, வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனேன். பள்ளி ஆவணம் பள்ளியை விட்டு வெளியே போகக் கூடாது என்பதும் விதிதான். நீலக் கோப்பு துறையின் ஆவணம் இல்லை, என் சொந்த ஏற்பாடு என்பதால் அந்த விதி பொருந்தாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். கோப்பில் மூன்று படிவங்கள் இருந்தன. இரண்டில் சின்னக் குறை. அவற்றை ஞாயிற்றுக்கிழமையே சரிசெய்து தனியே எடுத்து வைத்தேன். மூன்றாவதை அந்தப் பெண்ணிடம் கேட்டுத்தான் முடிக்க வேண்டும் என்று கோப்போடு பீரோவில், அதற்குரிய தட்டில் வைத்துப் பூட்டினேன். திங்கட்கிழமை திடீரென்று ஆய்வு அதிகாரி வந்தார். டைரியின் அந்தப் பக்கம் திரும்பிப் போயிற்று.

பட்டியல் தயாரானது. பச்சைக் கோப்பில் நாற்பத்திரண்டு படிவம், பட்டியலில் நாற்பத்திரண்டு பெயர். கச்சிதமாகப் பொருந்தியது. சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வரி வரியாக ஒப்பிட்டிருந்தால் நாற்பத்து மூன்று என்று அது சொல்லியிருக்கும். தூசி படிந்த, அட்டை பிய்ந்த, நான்கு தலைமுறை எழுத்தர்களின் கையெழுத்து நிறைந்த அந்தப் பதிவேட்டை விட என் பச்சைக் கோப்பு நம்பகமானது என்று நினைத்தேன். தலைமையாசிரியை பட்டியலைப் படிக்கவே இல்லை. “நீங்க பார்த்தா போதும் சார்” என்று கையெழுத்துப் போட்டார். எனக்கு அது பாராட்டாகத் தெரிந்தது.

1986 மார்ச்சில் ஹால் டிக்கெட்டுகள் வந்தன. தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்தது. வகுப்பில் வரிசையாகக் கொடுத்து முடித்தபோது முப்பத்தொன்பதாம் எண் பெண் மட்டும் வெறும் கையோடு நின்றாள். நான் சற்றும் பதறவில்லை. “டிபார்ட்மெண்ட்ல ஒண்ண தொலைச்சிட்டாங்க” என்று வகுப்புக்கே அறிவித்தேன். அன்று மதியமே தேர்வுப் பிரிவுக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதினேன். பொறுப்பின்மை, மாணவியின் எதிர்காலம், உரிய நடவடிக்கை எல்லாம் அதில் இருந்தன. பட்டியலின் கார்பன் நகலை இணைத்தால் அவர்கள் வாயடைத்துப் போவார்கள். நகல் வீட்டில் இருந்தது.

மாலை ஆறு மணிக்கு வீட்டில் பீரோவைத் திறந்தேன். நகலில் நாற்பத்திரண்டு பெயர்தான் இருந்தது. மூன்று முறை எண்ணினேன். பிறகு கீழ்த்தட்டில் நீலக் கோப்பைப் பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு படிவம், மடிப்புக் கலையாமல், மூலையில் குண்டூசி குத்தி, அதற்குரிய இடத்தில் இருந்தது. தாறுமாறாக வேலை செய்கிற ஆளின் மேஜையில் கிடந்திருந்தால் நாலு முறையாவது கண்ணில் பட்டிருக்கும்.

மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டாள். சொன்னேன். “திருவக்கரை அம்மனுக்கு வேண்டிக்கிறேன். சரியாயிடும்” என்றாள்.

“அம்மன் எந்தப் பிரிவுல இருக்கா? தேர்வுப் பிரிவா, பணியமைப்புப் பிரிவா?” என்று கேட்டேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று நான் சாப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலை தலைமையாசிரியையிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, சற்று யோசித்துச் சொன்னார்: “படிவம் முழுசா நிரப்பி வரல. அதனால சேர்க்க முடியல. அப்படியே எழுதுங்க. பொய் ஒண்ணும் இல்லியே? உங்களுக்குப் பேனல் வர்ற நேரம் சார். மெமோ வாங்கிக்காதீங்க.”

அந்த ஆண்டு தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வர வேண்டியிருந்தது. பதினேழு வருடச் சேவையில் என் பணிப்பதிவேட்டில் ஒரு கீறல் இல்லை. நான் கடிதம் எழுதினேன். ‘மேற்படி மாணவி உரிய காலத்தில் படிவத்தைச் சமர்ப்பிக்கவில்லை. சமர்ப்பித்ததும் முழுமையாக நிரப்பப்படவில்லை. ஆகவே பெயர் விடுபட்டது.’ ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. ஆதாரமாகப் படிவத்தையே இணைக்கலாம். நான் எழுதிய கடிதங்களில் அதைவிடச் சுத்தமானது இல்லை.

காலியாக இருந்த கட்டத்தை நிரப்புவதற்காக அந்தப் பெண்ணை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டேன். அவள் தனியாக வரவில்லை. அம்மாவும் வந்தார். மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்கிற வேர்க்கடலை பிடுங்கும் காலம். நகக்கண்ணெல்லாம் செம்மண்ணாக, வேலையிலிருந்து பாதியில் வந்திருந்தார்.

“இன்னா சார், எல்லாப் புள்ளைக்கும் சீட்டு வந்துச்சாம், எங்க பாப்பாக்கு மட்டும் வரலியாமே? இந்தத் தபா பரீச்ச எழுதலன்னா அவங்கப்பா அப்பால அனுப்ப மாட்டாரு சார். எங்கூட மல்லாட்ட ஆய வந்துடுன்னு சொல்லிக்கினே கீறாரு. அத்தோட சரி.”

நான் படிவத்தை மேஜையில் வைத்தேன். அந்தப் பெண் அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. நான் எதிர்பார்த்தது அழுகையை, அல்லது குற்றச்சாட்டை.

“பாத்தியாம்மா, நான் சொல்லல? சார் எடுத்துதான் வெச்சிருப்பாருன்னு!”

“நாலு மாசமா நீ ஏன் ஒரு தடவ கூட வந்து கேக்கல?” என்றேன்.

“உங்ககிட்ட குடுத்துட்டனே சார், அப்புறம் எதுக்குக் கேக்கணும்? நீங்க எதையும் தொலைக்க மாட்டீங்க. எங்க வீட்ல இருந்திருந்தாதான் எலி கடிச்சிருக்கும்.”

என் பையில் அந்தச் சுத்தமான கடிதம் இருந்தது. நான் பேச்சை மாற்றினேன். கட்டத்தை ஏன் காலியாக விட்டாள் என்று, இந்த முறை வகுப்பு கேட்காத இடத்தில், கேட்டேன்.

“அக்டோபர்ல எங்க கோயிலுக்கு ஆண்டவர் வந்தாரு சார், உறுதிப்பூசுதலுக்கு.” ஆண்டவர் என்று அவர்கள் சொல்வது ஆயரை, அதாவது பிஷப்பை; உறுதிப்பூசுதல் என்பது வளர்ந்த பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தை அவர் முன்னால் உறுதிசெய்யும் சடங்கு. “விசுவசிக்கிறீங்களான்னு கேட்டாரு. நாங்க எல்லாரும் சத்தமா ஆமான்னோம். அடுத்த மாசமே இதுல வேற எழுதினா பொய்யாயிடாதா? அப்பா, பழசு மாதிரியே எழுதுன்னாரு. எழுதலன்னா தோல உரிச்சிடுவேன்னாரு. அதான் சும்மா விட்டேன்.”

பழசு மாதிரி என்றால், ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது எழுதியது போல, இந்து என்று. பதிவேட்டில் மதம் மாறினால் சாதிச் சான்றிதழ் வேறு வகையாகிவிடும். உதவித்தொகையும் விடுதியும் அதைப் பொறுத்தவை. அந்த வட்டாரத்தில் வேலை பார்த்த எந்த ஆசிரியருக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுப் பேச மாட்டோம். நானோ தெரிந்திருந்தும், உன் மதம் உனக்குத் தெரியாதா என்று நாற்பத்திரண்டு பேர் முன்னால் கேட்டிருக்கிறேன்.

விதிப்படி அந்தக் கட்டம் மாணவர் அறிவிப்பது இல்லை. சேர்க்கைப் பதிவேட்டில் உள்ளதை அப்படியே பார்த்து எழுதுவது. அதைச் சொன்னேன்.

“இது நீ சொல்றது இல்லம்மா. பதிவேட்டுல இருக்கறத நான் பார்த்து எழுதறது. எழுதற கை என்னுது. நீ ஆண்டவர்கிட்ட சொன்னது அப்படியேதான் இருக்கும்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்போ பொய் சொல்றது யாரு சார்?”

“பதிவேடு.”

“அது சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போவாதே சார்” என்றாள். அம்மா அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். “வாயப் பாரு. சார்கிட்ட போய்...” நான் சிரித்துவிட்டேன். வகுப்பில் ஒரு மாணவர் சொன்னதற்கு அதற்கு முன் நான் சிரித்ததாக நினைவில்லை.

கட்டத்தை என் கையால் நிரப்பினேன். அரை நிமிடம் ஆகியிருக்கும். நவம்பரில் அந்த அரை நிமிடத்தைச் செலவழிக்காமல் ‘விளக்கம் தேவை’ என்று கோப்பில் போட்டேனே, அந்த விளக்கத்தைத் தர வேண்டியவன் நான். அவள் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகு கடிதத்தைக் கிழித்துப் போட்டேன் என்று எழுத ஆசைதான். கிழிக்கவில்லை. அதே கடிதத்தோடுதான் மதிய வண்டியைப் பிடித்து விழுப்புரத்தில் கல்வி அலுவலகத்துக்குப் போனேன்.

தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளர் எனக்கு முன்பின் தெரியாதவர். டிபன் டப்பாவைத் திறந்து வைத்துத் தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “உக்காருங்க சார். சாப்ட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, இடது கையால் கடிதத்தை வாங்கி, சாப்பிட்டபடியே படித்தார்.

“சூப்பரா எழுதியிருக்கீங்க. இத்த நான் மேல அனுப்பினா, பொண்ணு அக்டோபர்ல தனித்தேர்வரா எழுதிக்கலாம்னு பதில் வரும்.”

“அக்டோபர் வரைக்கும் அது படிக்காது சார். வேலைக்கு அனுப்பிடுவாங்க.”

“அதுக்கு நான் இன்னா பண்றது? பையன் தப்பு, பொண்ணு தப்புன்னா எங்ககிட்ட ரூல் கெடையாது. ஸ்கூல் தப்புன்னா ரூல் கீது. தற்காலிகமா எழுத விட்டுட்டு அப்பால ஆர்டர் வாங்கிக்கலாம். ரிசல்ட்ட மட்டும் நிறுத்தி வெப்பாங்க.” கையைக் கழுவிக்கொண்டு வந்து, துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார். “உண்மைய சொல்லுங்க. யாரு தப்பு சார் இது?”

எல்லா விதியும் தெரிந்த எனக்கு இந்த விதியும் தெரியும். அதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ரயிலில் வரும்போதே தெரியும். தெரியாதது போல அந்தக் கடிதத்தை நீட்டி, அவராகவே ஏதாவது வழி சொல்லமாட்டாரா என்று பார்த்தேன். பேனலும் வேண்டும், பெண்ணும் தேர்வெழுத வேண்டும் என்று. அந்த மனிதர் அதைப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். ஆனால் அவசரப்படுத்தவில்லை. மேஜையில் இருந்த வேறு தாள்களைப் பார்க்க ஆரம்பித்தார். சுவரில் மின்விசிறி ஒரு பக்கமாகத் திரும்பி, மறுபடி என் பக்கம் வந்தது. அவள் என்னை நம்பி நாலு மாதம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள் என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

“ஒரு வெள்ளைத் தாள் குடுங்க சார்” என்றேன்.

“ரெண்டா குடுக்கிறேன். நடுவுல கார்பன் வெச்சிக்கினு எழுதுங்க” என்றார்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். படிவம் பெறப்பட்டது. வகுப்பாசிரியரால் வீட்டுக்கு எடுத்துச் செல்லப்பட்டு மறக்கப்பட்டது. பட்டியல் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிடப்படவில்லை. தவறு முழுவதும் வகுப்பாசிரியருடையது. மாணவியின் மேல் எந்தத் தவறும் இல்லை. முதலில் ‘மறக்கப்பட்டது’ என்று எழுதியதை அடித்துவிட்டு ‘மறந்துவிட்டேன்’ என்று திருத்தினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, “ஹெச்.எம். கையெழுத்து வேணும். நாளைக்கு ஜல்தியா கொண்டாந்துடுங்க” என்றார். முந்தைய கடிதத்தை நாலாக மடித்து என்னிடமே கொடுத்தார். “இது எங்க ஆபீஸுக்கு வரல” என்றார்.

மறுநாள் காலை தலைமையாசிரியை புதிய கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “உங்களுக்குப் பைத்தியமா சார்? இதுக்கு மேல பேனலாவது, ஒண்ணாவது.”

“தெரியும் மேடம்.”

அவர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வரி எழுதினார். ‘தலைமையாசிரியரான நானும் பட்டியலைச் சரிபார்க்காமல் கையொப்பமிட்டேன்.’ அதற்குக் கீழே கையெழுத்து. ஓய்வு பெற அவருக்கு இரண்டு வருடம்தான் இருந்தது. நான் அவரைப் பற்றி ஆசிரியர் அறையில் இளக்காரமாகப் பேசிய பேச்சுகள் எல்லாம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தன. “என்ன நிக்கிறீங்க? வண்டி போயிடும்” என்றார்.

தற்காலிக அனுமதி இரண்டு நாளில் கிடைத்தது. கையால் எழுதிய ஹால் டிக்கெட், பட்டியலின் கடைசி எண்ணுக்குப் பிறகு ஒரு எண், ‘பின்னேற்பு ஆணைக்கு உட்பட்டது’ என்ற முத்திரை. அந்தப் பெண் தேர்வு எழுதினாள். கணக்குப் பரீட்சை முடிந்து வெளியே வந்து, “பேஜாரா போச்சு சார்” என்றாள். எனக்கு மேலும் கொஞ்சம் தூக்கம் போனது.

ஜூனில் முடிவுகள் வந்தன. பத்திரிகையில் அவள் எண் இல்லை. நிறுத்திவைக்கப்பட்ட எண்ணைப் போடமாட்டார்கள். தோற்றவர் எண்ணையும் போடமாட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். மறுநாள் காலை பள்ளி வாசலில் அம்மாவும் பெண்ணும் நின்றார்கள்.

“பேப்பர்ல நம்பர் வரலியே சார்? ஊர்ல பெயிலுன்னு பேசிக்கினு கீறாங்க.”

“பெயில் இல்ல. ஆர்டர் வரணும். வரும்.”

“எப்ப சார்?”

“வரும்மா.”

என் கையில் எந்தத் தாளும் இல்லை. அவள் தேறியிருக்கிறாளா என்பதும் எனக்குத் தெரியாது. ஆணை வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. சேவையில் முதல் முறையாக, இணைப்பு எதுவும் இல்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். அந்த அம்மா அதைக் கேட்டு, “அப்போ சரி சார்” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். அவ்வளவுதான். எழுதிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை.

பிளஸ் ஒன் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. மதிப்பெண் பட்டியல் இல்லாமல் சேர்க்க முடியாது. தலைமையாசிரியையிடம் கேட்டேன். “சேர்க்கத்தான் ரூல் வேணும். உக்கார்றதுக்கு எதுக்கு ரூல்? பெஞ்ச் காலியா இருக்கு இல்ல?” என்றார். பெயர் பதிவேட்டில் இல்லாமலே அந்தப் பெண் பிளஸ் ஒன் வகுப்பில் உட்கார்ந்தாள். வருகை எடுக்கும்போது எல்லோர் பெயரும் வரும், அவள் பெயர் வராது. அவள் பாட்டுக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பாள். நான் வாரத்துக்கு ஒரு முறையாவது ஏதாவது காரணம் வைத்துக்கொண்டு அந்த வராந்தாவில் நடப்பேன். அவள் என்னைப் பார்த்தால் கேள்வி கேட்க மாட்டாள், சிரிப்பாள். கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நினைவூட்டுக் கடிதம் ஒன்று, இரண்டு, மூன்று அனுப்பினேன். சனிக்கிழமைகளில் அலுவலகத்துக்கு நேரிலும் போனேன். கண்காணிப்பாளர், “மேலேர்ந்து வரணும் சார், நானும் கேட்டுக்கினுதான் கீறேன்” என்பார். இதற்கிடையில் பதவி உயர்வுப் பட்டியல் வெளியானது. என் பெயர் இல்லை. அதற்கு நான்கு வருடம் கழித்துத்தான் வந்தது. ஒரு நாள் மாலை என் மனைவி திருவக்கரைக்குக் கிளம்பினாள். பஸ் நிலையத்தில் ஏற்றிவிடப் போனவன் டிக்கெட் எடுத்து நானும் ஏறிவிட்டேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள். அங்கே போய் நான் எதுவும் வேண்டிக்கொள்ளவும் இல்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன். ஆனால் எந்த நகலும் கையில் இல்லாமல், பதில் வருமா என்று தெரியாமல் இத்தனை பேர் இப்படித்தான் வந்து நிற்கிறார்கள் என்பது மட்டும் அன்று புரிந்தது.

கடைசியில் ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே இரண்டு பத்தி. முதல் பத்தியில், பள்ளியின் தவறு ஏற்கப்பட்டு மாணவி தேர்வெழுதியதற்குப் பின்னேற்பு அளிக்கப்படுவதாகவும் முடிவு வெளியிடப்படுவதாகவும் இருந்தது. இரண்டாவதில், வகுப்பாசிரியர் கடுமையாக எச்சரிக்கப்படுவதாகவும் அது பணிப்பதிவேட்டில் பதியப்பட வேண்டும் என்றும். மதிப்பெண் பட்டியல் இணைப்பாக இருந்தது. எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி. கணக்கில் நாற்பத்தொன்று. முதல் வகுப்பெல்லாம் இல்லை. இரண்டாவது பத்தியை நானே என் பணிப்பதிவேட்டில், எழுத்தரிடம் கேட்டு வாங்கி, தெளிவான கையெழுத்தில் பதிந்தேன். முதல் பத்தியை எடுத்துக்கொண்டு பிளஸ் ஒன் வகுப்புக்குப் போனேன். அந்தப் பெண் படித்துவிட்டு, “அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார், நான் சொன்னா நம்பாது” என்றாள். சொன்னேன். “நீங்கதான் வரும்னு சொல்லிட்டீங்களே சார்” என்றார் அந்த அம்மா, இதிலென்ன புதுசு என்பது போல.

பதில் கைக்கு வந்த பிறகு நம்புவது யாராலும் முடியும், நான் வாழ்க்கை முழுவதும் அதைத்தான் செய்துவந்தேன். அந்தத் தாயும் மகளும் என்னைப் போன்ற ஒருவனை நம்பியது அதற்கு முந்தைய, மார்ச் முதல் ஜூலை வரையான நாலு மாதங்கள், அந்த நாலு மாதத்துக்கு நான் தகுதியாக இருந்தேனா என்று இன்னும் எனக்கு நானே விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். துறையின் பதில் வந்த நாள் 1986 ஜூலை 17, வியாழக்கிழமை.